உயர்ந்திருக்கும் எண் எல்லாம் காரணம் ஆகாது

47 வயதுள்ள ஒருவர் தமது மாஸ்டர் ஹெல்த் செக்கப் அறிக்கையை அனுப்பி, அதில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களில் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். புகைப்பழக்கம் இல்லாதவர், சைவ உணவுக்காரர். தந்தை 52 வயதில் மாரடைப்பால் இறந்திருக்கிறார். டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் மொத்தக் கொலஸ்ட்ரால் 212, எச்டிஎல் 34, இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 240, ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் 130, ஃபைப்ரினோஜென் 410, லிப்போபுரோட்டீன்-ஏ 62. அழற்சியைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 4.2 மில்லிகிராம், ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் லிட்டருக்கு 19 மைக்ரோமோல், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.0 சதவீதம். எல்டிஎல்லுக்கு எதிரே ‘எல்லைக்கோடு’ என்றும், ஹோமோசிஸ்டீனுக்கும் சிஆர்பிக்கும் எதிரே ‘அதிகம்’ என்றும் போட்டிருப்பதால் அந்த இரண்டையும் பார்த்துத்தான் அவர் பயந்து போயிருக்கிறார்.

மருத்துவமனை ஆய்வகம் ஒன்றின் உயிர்வேதியியல் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் பயப்படுவது தவறான எண்களைப் பார்த்து. உங்கள் அறிக்கையில் எனக்குக் கவலை தருபவை ‘எல்லைக்கோடு’ என்று சாதுவாகப் போட்டிருக்கும் எல்டிஎல்லும், அதன் பக்கத்தில் நிற்கும் டிரைகிளிசரைடும், லிப்போபுரோட்டீன்-ஏவும், சர்க்கரையும்தான். ஏன் என்று விளங்க வேண்டுமானால், இரத்தத்திலுள்ள ஒரு பொருள் மாரடைப்பை முன்கூட்டிச் சொல்வது வேறு, மாரடைப்பை உண்டாக்குவது வேறு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தத் துறையே அதைப் பிரித்துப் பார்க்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதால், நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை.

தெற்கு வேல்ஸில் கேர்ஃபில்லி என்று ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் இருக்கிறது. 1979இல் தொடங்கி, அந்த ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 45 முதல் 59 வயது வரையிலான ஆண்கள் சுமார் 2,500 பேரின் இரத்தத்தை எடுத்து, பின்னர் அவர்களில் யாருக்கு இதய நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பிரிஸ்டல் நகரின் ஸ்பீட்வெல் பகுதியில் இதே வயது ஆண்களிடம் இதே போன்ற ஆய்வு நடந்தது. இரண்டையும் சேர்த்து 4,860 பேரின் முடிவுகள் 1991இல் வெளிவந்தன. இரத்தம் உறைவதற்கான மூலப்பொருளான ஃபைப்ரினோஜென் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கு ஆண்களை, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரோடு ஒப்பிட்டபோது, இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்காக இருந்தது. இரத்தத்தின் பிசுபிசுப்புக்கு 4.5 மடங்கு, வெறும் வெள்ளணு எண்ணிக்கைக்குக்கூட மூன்று மடங்குக்கு மேல். கொலஸ்ட்ராலையே பிரதானமாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது சாதாரணச் செய்தி அல்ல. லண்டனின் நார்த்விக் பார்க் ஆய்வில் டாம் மீட் குழுவினர் 1980களிலேயே ஃபைப்ரினோஜெனைப் பற்றி இதையே சொல்லியிருந்தார்கள். 2005இல் 31 ஆய்வுகளைச் சேர்ந்த 1,54,211 பேரின் விவரங்களை ஒன்றாக்கிப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு அசையவில்லை.

அப்படியானால் ஃபைப்ரினோஜெனைக் குறைத்தால் மாரடைப்பு குறைய வேண்டும் அல்லவா? இங்கேதான் சிக்கல். புகைபிடிப்பவருக்கு ஃபைப்ரினோஜென் ஏறும், வெள்ளணுவும் ஏறும்; விட்டால் இரண்டும் இறங்கும். தொந்தி பெருத்தால் ஏறும். பல் ஈறில் சீழ் இருந்தால்கூட ஏறும். தமனிச் சுவரில் ஏற்கெனவே கொழுப்புப் படிவம் புண்பட்டுக் கிடந்தால், அந்த அழற்சியாலும் ஏறும். ஆக, இது வழக்கில் குற்றவாளியாகவும் இருக்கலாம், குற்றம் நடந்த இடத்தில் நின்று பார்த்த சாட்சியாகவும் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு எவ்வளவு பெரியதானாலும் இந்த இரண்டையும் அதனால் முழுமையாகப் பிரிக்க முடியாது. பிரிக்க உதவியது மரபணு. சிலருக்குப் பிறவியிலேயே ஃபைப்ரினோஜெனைச் சற்றுக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் மரபணு வடிவம் அமைந்திருக்கிறது. அது கருவிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டது போல் கிடைப்பது. புகைப்பழக்கத்துக்கோ தொந்திக்கோ அதில் பங்கில்லை. ஃபைப்ரினோஜென் உண்மையான காரணம் என்றால், வாழ்நாள் முழுவதும் அது கூடுதலாக இருக்கும் அந்த மனிதர்களுக்கு இதய நோயும் கூடுதலாக வர வேண்டும். எதிர்பார்த்த அளவுக்கு அப்படி வரவில்லை. எனவே உங்கள் 410 என்ற எண்ணுக்குத் தனியாக மருந்து தேட வேண்டாம்.

சிஆர்பியின் கதை இதைவிடச் சுவையானது. நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதை டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் 1930இல் கண்டார்கள். கிருமித் தொற்றோ அழற்சியோ வந்தால் கல்லீரல் இதைக் கொட்டும். அமெரிக்க ஆண் மருத்துவர்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், பிற்பாடு மாரடைப்போ பக்கவாதமோ இரத்த உறைவோ வந்த 543 பேரின் பழைய இரத்த மாதிரிகளையும், வராத 543 பேரின் மாதிரிகளையும் பால் ரிட்கர் குழுவினர் ஒப்பிட்டு 1997இல் வெளியிட்டார்கள். சிஆர்பி அதிகமாக இருந்த கால்பங்கினருக்கு, குறைவாக இருந்த கால்பங்கினரைவிட மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. இதன் பிறகு சிஆர்பி உலகெங்கும் செக்கப் பட்டியல்களில் ஏறிவிட்டது. ஆனால் மரபணுச் சோதனையில் இதுவும் தேறவில்லை: பிறவியிலேயே சிஆர்பி கூடுதலாக உள்ளவர்களுக்கு இதய நோய் கூடுதலாக இல்லை. இதை வைத்து அழற்சிக்கே பங்கில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஏற்கெனவே மாரடைப்பு வந்து சிஆர்பியும் உயர்ந்திருந்த 10,061 பேரில் ஒரு பகுதியினருக்கு, அழற்சிச் சங்கிலியில் சிஆர்பிக்கு வெகு மேலே இருக்கும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற கண்ணியை அடைக்கும் ஊசி மருந்தைக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் அசையாமலே, நடுத்தர அளவில் மருந்து பெற்றவர்களுக்கு மறுபடி மாரடைப்பு போன்றவை வருவது 15 சதவீதம் குறைந்தது. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. ஆக, நெருப்பு உண்மை. சிஆர்பி அதன் வெப்பமானியே தவிர, விறகு அல்ல.

உங்கள் 4.2ஐப் பற்றி இரண்டே வார்த்தை. இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய பத்து நாளில் சளி, காய்ச்சல், பல்வலி இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உடல் தேறி, குறைந்தது இரண்டு வார இடைவெளியில் மறுபடி பார்க்காமல் ஒற்றை அளவீட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அலகையும் கவனியுங்கள்: சில ஆய்வகங்கள் இதையே டெசிலிட்டர் கணக்கில் 0.42 என்று அச்சிடும். இரண்டு ஆய்வகத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிஆர்பி பத்து மடங்கு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஹோமோசிஸ்டீனைத்தான் நீங்கள் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். 1969இல் கில்மர் மெக்கல்லி என்ற நோயியல் மருத்துவர், பிறவிக் கோளாறால் ஹோமோசிஸ்டீன் மிதமிஞ்சி ஏறிய குழந்தைகளின் தமனிகள் கிழவர்களின் தமனிகளைப் போல் கெட்டிருப்பதைக் கண்டு, இதுவும் தமனி நோய்க்குக் காரணமாகலாம் என்றார். அதன் பிறகு ஆய்வுக்கு மேல் ஆய்வாகத் தொடர்பு தென்பட்டது. ஃபோலிக் அமிலமும் பி12, பி6 வைட்டமின்களும் கொடுத்தால் ஹோமோசிஸ்டீன் இறங்கும் என்பதால், மலிவான மாத்திரையில் மாரடைப்பை விரட்டிவிடலாம் என்ற நம்பிக்கையும் பரவியது. 2006இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைச் சாய்த்தன. நார்வேயில் மாரடைப்பு வந்த 3,749 பேரிடம் நடந்த ஆய்வில் ஹோமோசிஸ்டீன் கால்பங்குக்கு மேல் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. ஆகவே 19 என்ற எண்ணைக் காட்டி உங்கள் இதயத்துக்காக யாராவது வைட்டமின் அட்டை எழுதிக்கொடுத்தால் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நீங்கள் சைவர். தாவர உணவில் பி12 கிடையாது. பாலும் தயிரும் தருவது பலருக்குப் போதுவதில்லை. உங்கள் ஹோமோசிஸ்டீன் ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எனவே பி12 அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிச்சயமாகச் சரிசெய்யுங்கள். அது இதயத்துக்காக அல்ல, நரம்புக்காகவும் இரத்தத்துக்காகவும்.

‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று செல்லமாக அழைக்கப்படும் எச்டிஎல்லுக்கும் இதே கதிதான். அது குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் அதை 72 சதவீதம் ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தைப் பதினைந்தாயிரம் பேரிடம் சோதித்தபோது, மருந்து எடுத்தவர்களில் இறப்புகள் கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. பிறவியிலேயே எச்டிஎல் கூடுதலாக அமையும் ஒரு மரபணு வடிவம் கொண்டவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இல்லை என்பதும் 2012இல் தெரியவந்தது. உங்கள் 34ஐ நான் அலட்சியம் செய்யவில்லை. டிரைகிளிசரைடு 240, எச்பிஏ1சி 6.0 ஆகியவற்றோடு அது சேர்ந்து வரும்போது, இன்சுலின் உடலில் சரியாக எடுபடவில்லை என்று மூன்றுமாகச் சேர்ந்து சொல்கின்றன. இடுப்புச் சுற்றளவை நீங்கள் எழுதவில்லை. நாடாவைச் சுற்றிப் பாருங்கள்.

இனி எல்டிஎல். இதுவரை பார்த்த எண்களெல்லாம் தோற்ற சோதனைகள் அத்தனையிலும் இது குற்றவாளி என்றே தீர்ப்பாகியிருக்கிறது. எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து உறிஞ்சும் ஏற்பி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வருகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த கோல்ட்ஸ்டைன், பிரௌன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பணியாற்றிய டல்லஸ் நகரிலிருந்தே 2006இல் இதன் மறுபக்கமும் வெளிவந்தது. பிசிஎஸ்கே9 என்ற மரபணு செயலிழந்து பிறந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 28 சதவீதம் குறைவு. பதினைந்து ஆண்டுப் பின்தொடர்தலில் அவர்களுக்கு இதய நோய் 88 சதவீதம் குறைவு. இந்த இரண்டு எண்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். 28 சதவீதக் குறைவுக்கு 88 சதவீதப் பலன் எப்படி? அவர்களுக்கு அது பிறந்த நாள் முதல் குறைவாக இருந்தது. தமனிச் சுவரில் படிவது ஒரு நாளின் எல்டிஎல் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு சேரும் வட்டியைப் போன்ற கணக்கு. நடுவயதில் மருந்தால் குறைப்பவருக்கு, ஏற்கெனவே சேர்ந்துவிட்டது இருப்பதால், பலன் அந்த அளவுக்கு இராது. ஆனாலும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் 45 முதல் 64 வயதுள்ள, மாரடைப்பு வராத, கொலஸ்ட்ரால் உயர்ந்த ஆண்கள் 6,595 பேரிடம் எல்டிஎல்லைக் குறைக்கும் பிராவஸ்டாட்டின் மாத்திரையைச் சோதித்து 1995இல் வெளியிட்ட ஆய்வு, உங்களைப் போன்ற ஆணுக்கு மிகப் பொருத்தமானது. ஐந்து ஆண்டில் 31 சதவீதம் குறைவு என்று தலைப்புச் செய்தி வந்தது. அதையே வேறு விதமாகச் சொன்னால், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த நூறு பேரில் சுமார் எட்டுப் பேருக்கு மாரடைப்போ அதனால் இறப்போ நேர்ந்தது. மருந்து எடுத்த நூறு பேரில் ஐந்தரைப் பேருக்கு. இரண்டும் ஒரே உண்மைதான், ஆனால் மருந்து விற்பவர் முதலாவதையும் மருந்தை வெறுப்பவர் இரண்டாவதையும் மட்டும் சொல்வார்கள். நீங்கள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

உங்கள் எல்டிஎல் 130தானே, ஸ்காட்லாந்துக்காரர்களின் அளவு இல்லையே என்று கேட்கலாம். அந்த 130ஐ யாரும் அளக்கவில்லை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான ஆய்வகங்களில் 1972இல் ஃபிரீட்வால்ட் வகுத்த சூத்திரப்படி அது கணக்கிடப்படுகிறது. மொத்தம் 212, அதில் எச்டிஎல் 34ஐக் கழித்தால் 178, டிரைகிளிசரைடு 240ஐ ஐந்தால் வகுத்த 48ஐயும் கழித்தால் 130. உங்கள் தாளில் இருப்பது அதுவேதான், போட்டுப் பாருங்கள். டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தச் சூத்திரம் தடுமாறும். 400ஐத் தாண்டினால் பயன்படுத்தவே கூடாது. முந்தின இரவு கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு, காலையில் வெறும் வயிறு என்று சொல்லி வருபவர்களின் இரத்த மாதிரி உள்ள கண்ணாடிக் குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால், தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் சில வேளை தண்ணீர் கலந்த பால் போல் நிற்கும். அதைக் குளிர்பெட்டியில் ஒரு இரவு வைத்தால் மேலே ஆடை கட்டும். 240இல் கண்ணுக்கு அப்படி ஒன்றும் தெரியாது. ஆனால் நடுவில் கழித்துத் தள்ளிய அந்த 48 மில்லிகிராமும் தமனிச் சுவரில் நுழையக்கூடிய கொலஸ்ட்ரால்தான். எனவே உங்களுக்கு நான் பார்க்கும் எண் 130 அல்ல, எச்டிஎல் நீங்கிய 178. எல்டிஎல் இலக்கோடு 30ஐக் கூட்டினால் இந்த எண்ணின் இலக்கு என்பது நடைமுறைக் கணக்கு. உங்களுக்கு இடைவெளி 48. இன்னும் நேரடியாகத் தெரிய வேண்டுமானால் அப்போ-பி என்ற சோதனை உண்டு. தமனிக்குள் நுழையும் கொழுப்புத் துகள் ஒவ்வொன்றிலும் அப்போ-பி மூலக்கூறு சரியாக ஒன்றே இருக்கும் என்பதால், அது மூட்டைகளை எடை போடாமல் எண்ணிச் சொல்வது போன்றது. டிரைகிளிசரைடு உயர்ந்தவர்களுக்கு மூட்டைகள் சிறுத்து எண்ணிக்கை பெருகியிருக்கும். எடை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

அடுத்து, அறிக்கையின் கடைசி வரியில் கிடக்கும் லிப்போபுரோட்டீன்-ஏ. நார்வேயின் கோரே பெர்க் 1963இல் கண்டறிந்த இது, எல்டிஎல் போன்ற துகளோடு இன்னொரு புரதம் வாலாக ஒட்டிக்கொண்டது. அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவே. உணவாலும் நடைப்பயிற்சியாலும் ஏறக்குறைய அசையாது. எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளும் இதைக் குறைப்பதில்லை. மரபணுச் சோதனையில் எல்டிஎல்லைப் போலவே இதுவும் காரணம் என்று உறுதியானது. ஐந்தில் ஒருவருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்; உங்களுக்கு 62. 52 வயதில் போன உங்கள் தந்தையின் நினைவோடு சேர்த்து இந்த எண்ணைப் பார்க்கிறேன். அது அவரிடமிருந்து வந்திருக்கலாம். இதை நேரடியாகக் குறைக்கும் மருந்துகள் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு வருகின்றன. அதுவரை செய்யக்கூடியது, குறைக்க முடிந்த மற்றவற்றை இன்னும் கண்டிப்பாகக் குறைப்பது. எல்டிஎல் ஏறக்குறைய 39 மில்லிகிராம் இறங்கினால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது 1,70,000 பேரின் ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு.

நம்மவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு விஷயமும் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்தவர்களின் வயதின் நடுமதிப்பு தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆறு ஆண்டு முந்தி வருகிறது. காரணமாகக் கிடைத்தவை எதுவும் புதிய பொருள்கள் அல்ல: புகை, சர்க்கரை, கொழுப்புத் துகள்கள், இரத்த அழுத்தம், தொந்தி என்று ஊரறிந்தவையே, இளமையிலேயே வந்து சேர்ந்திருந்தன. ஒன்பது வகை இரத்த எண்களை எழுதி அனுப்பிய நீங்கள் இரத்த அழுத்தத்தை எழுதவே இல்லை. அதற்கு ஊசி தேவையில்லை, காசும் அதிகம் ஆகாது. ஆனால் உங்கள் ஹோமோசிஸ்டீனைவிட அது எனக்கு நூறு மடங்கு அதிகம் சொல்லியிருக்கும்.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ பாருங்கள். தந்தைக்கு நேர்ந்த வயதையும் லிப்போபுரோட்டீன்-ஏவையும் அவரிடம் முதலில் சொல்லுங்கள், ஏனெனில் பத்தாண்டு ஆபத்தைக் கணக்கிடும் வழக்கமான அட்டவணைகள் பலவற்றில் இவை இரண்டுக்கும் இடமில்லை. அட்டவணை உங்களை ‘குறைந்த ஆபத்து’ என்று சொல்லி அனுப்பிவிடக் கூடும். ஸ்டாட்டின் இப்போதே வேண்டுமா, மூன்று மாதம் அரிசியையும் இனிப்பையும் குறைத்து, தினமும் வேகமாக நடந்து, எடையை இறக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா என்பது அவரும் நீங்களும் பேச வேண்டியது. டிரைகிளிசரைடும் சர்க்கரையும் அதற்கு நன்றாகவே இறங்கும். எல்டிஎல் ஓரளவே இறங்கும். முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால், இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று காட்டும் சிடி ஸ்கேனைப் பற்றிக் கேளுங்கள். மறுசோதனையில் கொழுப்புப் பட்டியலும் எச்பிஏ1சியும் அப்போ-பியும் போதும். ஃபைப்ரினோஜெனுக்கும் ஹோமோசிஸ்டீனுக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டாம். லிப்போபுரோட்டீன்-ஏவையும் உங்களுக்குத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை, அது மாறப்போவதில்லை. அந்தக் காசில் உடன்பிறந்தவர்களுக்கும், வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும், ஆயுளில் ஒரே ஒரு முறை அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.